பதினைந்தாம் திகதி வேன்

ஜெஸீமா கிண்ணியாவை விட்டுத் தூரம் போன பயணங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கடல் பொங்கிய வருசம் கந்தளாய்க்கு. பிறகு கணவர் முனீபின் சிறுநீரகத்துக்காக நாலு தரம் கண்டிக்கு. ஒன்றைக்கூட அவளாக விரும்பிப் போகவில்லை. ஆஸ்பத்திரிப் பைல் மடியில் இருக்க, கண்டிப் பாதைத் திருப்பம் ஒன்றில் இலையே தெரியாமல் ஊதாவாக நின்ற மரத்தைக் கண்டது அப்படியொரு பயணத்தில்தான்.

"இஞ்ச பாருங்களேன்" என்று முனீபின் தோளைத் தட்டினாள்.

"மரத்தயா? நம்மட வளவுல இல்லாத மரமா?" என்று அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். கெட்ட மனிதரில்லை. களப்பில் இறால் பிடித்தே மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்தவர். பூப் பார்க்கவென்று ஒரு நாளைப் போக்குவது மட்டும் அவருக்கு விளங்காத காரியம்.

போனில் அந்த மரத்தின் பெயரைச் சொன்னவள் கமலேஸ்வரி. ஒன்பது வருசம் குறிஞ்சாக்கேணியில் பிள்ளைப்பேறு பார்த்த மிட்வைப் மிஸ். இப்போது மாற்றலாகிப் பண்டாரவளையில் இருக்கிறாள். "அது ஜகரண்டா. எங்கட குவாட்டஸ் வீட்டு வாசலிலயே ஒண்டு நிக்குது. ஏப்ரலில வாங்கோ. மழை பிடிச்சால் ரெண்டு நாளில எல்லாம் கொட்டுண்டு போயிடும்."

மகள் மின்ஹா ஆசிரியை. நோன்பு மாதம் முழுக்க மூடுகிற பள்ளி, சித்திரை வருசத்துக்கு நாலைந்து நாளுக்கு மேல் லீவு தராது. அதனால் ஏப்ரல் பதினைந்து காலை வேனில் போய், மறுநாள் திரும்புவது என்று கார்த்திகையிலேயே தாயும் மகளும் பேசி வைத்தார்கள். முனீபைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டில் அவருடைய அக்கா ஹுஸ்னியா இருந்தாள்.

டிசம்பர் ஆறாம் திகதி, சுபஹுத் தொழுகைக்கு எழும்பாமலே முனீப் மௌத்தானார்.

ஜெஸீமா வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள். கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும். ஹுஸ்னியா கலண்டரைப் புரட்டி, ஏப்ரல் பதினாறைச் சிவப்புப் பேனையால் வளைத்துவிட்டாள்.

அது பிழை என்று ஜெஸீமாவுக்கு அன்றைக்கே தெரியும். இத்தாவுக்குப் பிறைக் கணக்கு. பிறை மாதம் இருபத்தொன்பதிலும் முடியும், முப்பதிலும் முடியும். நோன்பு எண்ணிப் பழகியவளுக்கு இது புதிதா? பெருநாள் பிறையும் கண்டதும் கணக்கு உறுதியானது: பதின்மூன்றாம் திகதி அந்தி மஃரிபோடு எல்லாம் முடிகிறது.

சொல்லவில்லை. பூப் பார்க்க நாள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று ஒரு சொல் விழுந்தால், அது தெருவில் இறங்கி நடக்கும். இன்னொன்றும் உள்ளே குடைந்தது. அவர் இருந்திருந்தால் அவர் முணுமுணுக்க முணுமுணுக்கப் போயிருப்பாள். அவர் இல்லாதபோது போவதற்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

பெருநாள் கழிந்து ஒரு கிழமை. மின்ஹா ஸ்பீக்கரில் போட்ட போனில் கமலேஸ்வரியின் குரல். "ஜெஸீமா, மரம் முழுக்க ஊதா! இனிப் பிந்தாதேங்கோ. பின்னேரத்தில மேகம் கறுக்குது."

குசினியில் நின்ற ஹுஸ்னியா எட்டிப் பார்த்தாள். "எந்த மரம்?"

மின்ஹா தாயைப் பார்த்தாள். ஜெஸீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பூ மரம் மதினி. பதினஞ்சாம் திகதி போய்ப் பார்க்க வேன் சொல்லியிருக்கு."

"பதினாறுக்குத்தானே இத்தா முடியுது? பூவுக்கு ஒரு நாள் பொறுக்க ஏலாதாமா?"

"பூவுக்கும் ஏலா, மின்ஹாட பள்ளிக்கும் ஏலா. நீங்க இங்கிலீசு மாசத்துல எண்ணிட்டீங்க மதினி. பிறைக்குப் பதின்மூண்டு."

ஹுஸ்னியா கலண்டருக்குக் கிட்டப் போய்ப் பிறைத் திகதிகளைப் பார்த்தாள். "மௌத்து ஜமாதுல் ஆகிர் நாலு... ரஜப், ஷஃபான், நோன்பு... ஷவ்வால் நாலு. நாலு மாசம், அதோட பத்து." விரல் மடக்கி எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"முதலே தெரியுமா உனக்கு?"

"ஓம்."

"ஏன் சொல்லல்ல?"

"நாள் எண்ணுறாள் எண்டு நினைப்பீங்க."

"நினைச்சித்தான் இருப்பன்" என்று ஹுஸ்னியா கதிரையில் அமர்ந்தாள். "என்ட மனுசன் மௌத்தாகிப் பதினொரு வருசம். அண்டைக்கும் நான்தானே எண்ணின. இதே மாதிரி." மூன்று விரலை நீட்டி அவற்றையே பார்த்தாள். "மூண்டு நாள் கூட இருந்திருக்கன் புள்ள. அதுக்குள்ளதான் தங்கச்சிட மகள்ட கலியாணம். போகல்ல."

மின்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"மௌலவிட்ட நான் கேட்கன்" என்று ஹுஸ்னியா எழுந்தாள். "நீ கேட்டா ஊருல ஒரு கதை. நான் கேட்டா வேற கதை."

அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி, வாசலில் நின்றே சொன்னாள்.

"பதின்மூண்டுதானாம்!"

பதினான்காம் திகதி மத்தியானம் ஜெஸீமா தானே போனை எடுத்தாள். "மிஸ், பூ இருக்கா?"

"நேற்று மழை. பாதி கொட்டுண்டு போச்சு. பாதி நிக்குது."

"வாறன்" என்றாள் ஜெஸீமா.