மாமா மூன்றாவது மாடிக்குப் போன கதை

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நான் அவரை மாமா என்பேன். அவரிடம் படிக்கிறவர்கள் நேரில் சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் உச்சுக்கொட்டி என்பார்கள். கியர் கரகரத்தால் அவர் திட்டமாட்டார், கத்தமாட்டார். ஒரே ஒரு ‘ச்ச்’. அதற்குப் பயந்தே இரண்டு பேர் ஆயுசுக்கும் பஸ்ஸே போதும் என்று முடிவெடுத்ததாகக் கேள்வி.

ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தப்பு செய்தால் மாமா அதை மிதிப்பார். போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, பல் டாக்டர் அம்மா ஒருவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தார். ரோடு காலி. மாமா பிரேக்கை ஓங்கி மிதித்தார். பின்னால் வந்த பிரெட் வேன் நேராக வந்து முட்டியது.

“எதுக்கு சார் பிரேக் போட்டீங்க?”

“ஏதோ குறுக்க வந்துச்சு.”

“எதுவும் வரலையே சார்.”

வரவில்லைதான். அந்த மாதத்தில் மட்டும் வராத எதற்கோ பதினோரு தடவை பிரேக் போட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஸ்கூல் முதலாளி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கண், இதயம், சர்க்கரை, தலைக்குள் ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தன. மாமாவுக்கு அதில் பெரிய ஏமாற்றம். கடைசியில் டாக்டர் ஒரு சீட்டில் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தார். மனசுக்குள் ஆழமாகப் போய்ப் பார்க்கிற சிகிச்சையாம், பேச்சு மட்டும்தானாம்.

“பேசுறதுக்கா? நான் என்ன பைத்தியமா?” என்றார் மாமா வீட்டுக்கு வந்து.

“பைத்தியமா இருந்தா மாத்திரை குடுத்திருப்பாங்க. போயிட்டு வாங்க,” என்றாள் அக்கா.

சீட்டில் இருந்த முகவரி, கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அறையில் இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருந்தன. சுவரோரமாக ஒரு கட்டில் மாதிரி சோபா. டிஷ்யூ பெட்டி. சிகிச்சை தருகிற மேடத்துக்கு மாமா வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள், ஐம்பது நிமிஷம். மனதில் என்ன வருகிறதோ அதை வடிகட்டாமல் சொல்ல வேண்டும். அசட்டுத்தனமாக இருந்தாலும் சரி, மேடத்தைப் பற்றியே இருந்தாலும் சரி.

“எத்தனை நாள்ல சரியாகும் மேடம்?”

“தெரியாது. மாசக்கணக்குல ஆகலாம், வருஷக்கணக்குலயும் ஆகலாம்.”

இருபதே வகுப்பில் லைசென்ஸ் என்று போர்டு போட்டுப் பிழைக்கிறவரிடம் சொல்கிற பேச்சா இது? மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்துவிட்டோமே என்று ஐம்பது நிமிஷமும் ரிவர்ஸில் பார்க்கிங் செய்வது எப்படி என்று விளக்கிவிட்டு வந்தார்.

“என்ன சொன்னாங்க?” என்று அக்கா கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

இரண்டாவது தடவை போனால் மேடம் வாயே திறக்கவில்லை. மாமாவும் திறக்கவில்லை. யார் முதலில் பேசுகிறார்கள் பார்ப்போம் என்று வீம்பு. பதினேழு நிமிஷம் தாக்குப்பிடித்து மாமாதான் தோற்றார். மூன்றாவது தடவை தூங்கிவிட்டார். எழுந்து மன்னிப்புக் கேட்டால், “இங்க தூங்க முடிஞ்சிருக்கு உங்களுக்கு,” என்றாராம் மேடம். அது பாராட்டா, குத்தலா என்று வாரம் முழுக்க என்னைக் கேட்டு உயிரை எடுத்தார். எனக்கென்ன தெரியும்? நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன்.

ஒருநாள் கனவு கண்டார். ஸ்கூல் கார் வீட்டுச் சமையலறைக்குள் நிற்கிறது, வெளியே எடுக்க வழியில்லை. ஓடிப்போய் மேடத்திடம் சொன்னார்.

“இதப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?”

“நீங்கதான் மேடம் சொல்லணும். அதுக்குத்தானே படிச்சிருக்கீங்க.”

“உங்க கனவு. படிச்சவங்களுக்கு அது தெரியாது.”

அன்றைக்கு அவர் கோபத்தோடு இறங்கிய வேகத்தில் கீழே கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தாராம். இனிமேல் போகமாட்டேன் என்று சபதம் எடுத்தார். இரண்டு நாள் மட்டம் போட்டார். மூன்றாவது தடவை, மட்டம் போட்டதற்கு மேடம் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்றே போனார். வராத நாட்களில் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார் மேடம். அந்த நேரத்துக்கு மாமா கண்ணாடிக் கடை வாசலிலேயே காரை நிறுத்தி உட்கார்ந்திருந்தார். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் காது சிவந்துவிட்டது.

ஏழு மாதம் ஓடியது. மிதிப்பது குறையவும் இல்லை, கூடவும் இல்லை. அப்போதுதான் மேடம், நான்கு வாரம் கழித்து மூன்று வாரம் லீவில் போகப்போவதாகச் சொன்னார். “தாராளமா போயிட்டு வாங்க மேடம்,” என்று மாமா சிரித்தார். லீவுக்கு முந்தைய கடைசி நாளில், நாற்காலியில் உட்கார்ந்ததுமே வெடித்துவிட்டார்.

“இப்படி திடீர்னு கிளம்பிட்டா எப்படி மேடம்? போறவங்க சொல்லிட்டுப் போகணும். பின்னாடி உக்காந்திருக்கறவன் என்ன ஆவான்னு ஒரு நினைப்பு வேண்டாமா?”

“நான் நாலு வாரம் முன்னாடி சொன்னேன். சொல்லாமப் போனது யாரு?”

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. டிஷ்யூ பெட்டியை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தொட்டார், காலி செய்துவிட்டுத்தான் விட்டார்.

சொல்லாமல் போனது அவருடைய அப்பா. லாரி ஓட்டுநர். மாமா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லாரி இருக்காது. எங்கே, எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. எட்டு வயதில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அப்பாவின் ஒரு கால் செருப்பை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். செருப்பில்லாமல் எப்படிப் போவார் என்ற கணக்கு. அப்பா வெறுங்காலோடு போனார்.

இன்னொன்றும் அன்றைக்கு வெளியே வந்தது. மாமா மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது அந்தப் பதினோரு பிரேக் மாதத்தின் தொடக்கத்தில்; அவள் ரயில் ஏறியது அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு இருக்கிறது என்று சொல்லி மாமா ஸ்டேஷனுக்கே போகவில்லை. மறுநாள் காலையில்தான் பிரெட் வேன். இதை என் அக்காவைக் கேட்டிருந்தால் ஏழு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தாலும் மாமா ‘ச்ச்’ என்றுதான் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம்.

மேடம் லீவில் இருந்த மூன்று வாரத்தில் மாமா தன் தம்பி வீட்டுக்குப் போனார். அவருடைய அப்பா அங்கேதான் இருக்கிறார். வயது எண்பத்திரண்டு, ஒரு காது கேட்காது. என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு ஒருவழியாகக் கேட்டார்.

“அப்பா, அந்தக் காலத்துல சொல்லாம எங்க போவீங்க?”

“எப்போ?”

“நான் சின்னப் பையனா இருந்தப்போ.”

“லோடு ஏத்தப் போவேன். வேற எங்க போவேன்?”

“சொல்லிட்டுப் போயிருக்கலாமே.”

“நீ பள்ளிக்கூடத்துல இருப்பியே.”

அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருஷக் கேள்விக்கு வந்த பதில். மாமா நாற்காலியை அப்பாவின் கேட்கிற காதுப் பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு செருப்பை ஒளித்தது தான்தான் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

கிழவருக்கு அது மட்டும் பளிச்சென்று கேட்டது. “நீயா? அடப்பாவி, நான் உங்கம்மாவ இல்ல போட்டுத் திட்டினேன்.”

மாமாவின் அம்மா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் கிழவர்தான் சிரித்தார், வாயில் பல்லே இல்லாமல். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து முகம் கழுவப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் அதுதான் இல்லை. இப்போது இரண்டாவது வருடம் நடக்கிறது. காலி ரோட்டில் பிரேக் போடுவது மாதத்துக்கு ஒன்று இரண்டாகக் குறைந்திருக்கிறது. பல் டாக்டர் அம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. மகளுக்கு வாரம் ஒரு தடவை போன் செய்து, அறிவுரை எதுவும் சொல்லாமல் பத்து நிமிஷம் பேசப் பழகியிருக்கிறார். இந்தப் பத்து நிமிஷத்தை எட்டவே ஐந்து மாதம் ஆனது.

வீட்டு நிலவரம்தான் கொஞ்சம் மோசம். மனதில் வருவதை வடிகட்டாமல் சொல்கிற பழக்கம் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்கும் வந்துவிட்டது. தன் சமையலைப் பற்றி, தன் தம்பியான என்னைப் பற்றி, இருபத்தைந்து வருஷமாக அவர் சொல்லாததெல்லாம் இப்போது வருகிறது என்று அக்கா போனில் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.

“என்னப் பத்தி என்ன சொன்னார்?” என்றேன்.

“அத விடு. நேத்து நானும் பதிலுக்கு அவரப் பத்தி நாலு சொன்னேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. சோறு ஆறிப்போச்சு,” என்றாள். அவள் குரலில் ஒன்றும் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.