எட்டு மணிக்கு முன்னால் என்ஜின் போடக் கூடாது

கனடாவின் வடகோடியில், டாசன் ஊர்த் தபால் நிலையத்தில் வியாழக்கிழமை மதியம் கூட்டம் கூடிவிடும். கடிதம் வாங்க வந்த கூட்டம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வார இறுதிக்குக் கேரவனை எந்த முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போவது என்று ஸ்டாம்ப் விற்கும் பெர்னடினிடம் கேட்கத்தான் பாதிப் பேர் வருவார்கள். ஸ்டாம்ப் வாங்குவதெல்லாம் ஒரு சாக்கு.

அவளும் லேசில் சொல்லிவிட மாட்டாள். மூக்குக் கண்ணாடியை இறக்கி முதலில் ஆளை அளப்பாள்.

"குழந்தைங்க வருதா?"

"ரெண்டு வருது."

"நாய்?"

"அது இல்லாமலா?"

"அப்ப மேட்டு முகாம் வேண்டாம். பெர்ரி பழுத்துருச்சு, கரடி இறங்கியிருக்கும். உன் நாய் குலைச்சே அத வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரும். ஆத்தோரம் போ. தண்ணி பம்பு பக்கத்துல மட்டும் நிறுத்தாத. விடிய விடிய எவனாவது கிறீச் கிறீச்னு ஆட்டிக்கிட்டே இருப்பான்."

கல்யாணமான புதுசா, மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகிறவனா, சண்டை போட்டுவிட்டு சமாதானத்துக்குப் போகிற ஜோடியா, ஆளுக்குத் தகுந்த இடம் அவளிடம் உண்டு. காற்று எந்தப் பக்கம் என்று ஊர்ப் புகைக்கூண்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். காற்றடிக்கும் கரையில் கொசு நிற்காது. சாலை எப்படி என்று தபால் லாரிக்காரர்கள் வாயைப் பிடுங்குவாள். மற்றபடி அவளுக்கு வித்தை ஒன்றும் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேலாகக் கோடையில் ஒரு வாரமும் விடாமல் முகாமுக்குப் போனவள், அவ்வளவுதான்.

பிறந்தது வடக்கில் இல்லை. சஸ்காச்செவனில், எங்கு திரும்பினாலும் கோதுமை வயலும் கம்பி வேலியுமான ஊர். இருபத்திரண்டு வயதில், ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலைக்கு, ஒரே ஒரு கோடைக்கு என்று டாசனுக்கு வந்தாள். வந்த இரண்டாம் வாரம் நாலைந்து பேர் சேர்ந்து வடக்குச் சாலையில் ஒரு லாரியின் பின்னால் ஏறிப் போனார்கள். வழியில் டயர் வெடித்தது. பெர்னடின் கீழே குதித்து, கால் நீட்டுவதற்காகச் சாலையோர மேட்டில் ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கண் போகிற தூரம் வரை பள்ளத்தாக்கு. ஒரு கம்பி இல்லை, ஒரு வேலி இல்லை, ஒரு கூரை இல்லை. மேகத்தின் நிழல் ஒன்று மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. இத்தனையும் யார் பார்ப்பதற்காகவும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கிறது என்று உறைத்ததும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. கீழே டயர் மாற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் பையன், "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டான். அவன்தான் லைல். அந்தக் கோடை முடிந்தது, அவள் ஊர் திரும்பவில்லை.

அன்றிலிருந்து பெர்னடினுக்கு ஒரு பிடிவாதம். காட்டுக்குப் போனால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முகாம்களில் இரவு தொடங்கிக் காலை எட்டு மணிவரை என்ஜினோ ஜெனரேட்டரோ ஓடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. மற்றவர்களுக்கு அது பலகையில் எழுதிய விதி. அவளுக்கு அது சாமி சன்னதியில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. எங்காவது ஒரு ஜெனரேட்டர் உறுமினால் போதும், சிவப்புக் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள், கதவைத் தட்டுவாள். பெரிய ஆள் சின்ன ஆள் பார்க்க மாட்டாள். 'எட்டு மணி அம்மா' என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த வசந்தத்தில்தான் அவள் வாழ்க்கையில் ஒரு மெஷின் வந்து உட்கார்ந்தது. பனிக்காலமெல்லாம் கதவடைத்த பட்டறையில் டீசல் புகையைக் குடித்துக் குடித்து லைலின் நுரையீரல் பாழாகியிருந்தது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின். இரவும் பகலும் அது விர்ரென்று ஓட வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். பெர்னடின் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்த ஏரிக்கரைகளில் ஒன்றிலும் கரண்ட் கிடையாது.

ஆகவே கோடை முழுக்க அவர்கள் ஊரெல்லையிலிருந்த கரண்ட் முகாமுக்கே போனார்கள். அந்தக் காலத்தில் தங்கம் தோண்டியவர்கள் வாரிக் கொட்டிவிட்டுப் போன சரளைக் குவியல்களுக்கு நடுவே ஒரு பொட்டல். வண்டிக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஒரு பிளக். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வண்டியின் கழிவுக் குழாய். வியாழக்கிழமை ஊருக்கெல்லாம் ஏரியை எடுத்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். குறை சொல்லவில்லை. இரவில் அந்த விர்ரைக் கேட்டுக்கொண்டே தூங்கினாள். அது ஒரு நொடி சுருதி மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் வாய் அடங்கிப்போனதை லைல் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அவளுக்குத் தீராத ஆசை ஒன்று உண்டு என்பதும் அவனுக்குத் தெரியும். செப்டம்பர் தொடக்கத்தில், முதல் உறைபனி விழும்போது, கரிபு மான்கள் மந்தை மந்தையாக ஹார்ட்விக் ஏரியை நீந்திக் கடக்கும். எல்லா வருஷமும் கடக்காது, சொல்லிவிட்டும் கடக்காது. பெர்னடின் எத்தனையோ முறை போய்க் காத்திருக்கிறாள். ஒரு வருஷம் மந்தை வரவில்லை. ஒரு வருஷம், "அடடா, நேத்துதான் போச்சு" என்றார்கள். ஊருக்கே இடம் சொல்கிறவளுக்கு அது மட்டும் வாய்க்கவில்லை.

செப்டம்பரில் திங்களும் சேர்ந்து விடுமுறையாகிற நீண்ட வார இறுதி வந்தது. லைல் காபியை வைத்துவிட்டுச் சொன்னான்:

"இந்த வாரம் நான் இடம் பாக்கறேன்."

"நீயா? ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம் இருக்குன்னே உனக்குத் தெரியாதே கிழவா."

"வண்டிய நான் ஓட்டறேன். நீ சும்மா வா."

கரண்ட் முகாமின் திருப்பம் வந்தது. வண்டி திரும்பவில்லை.

"லைல், விட்டுட்ட."

"தெரியும்."

"லைல்!"

"கட்டிலுக்குக் கீழ பாரு."

கட்டிலுக்குக் கீழே நாலு பெரிய பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஓய்வுபெற்ற பிறகும் பழைய பட்டறைக்கு அடிக்கடி போய் வந்தவன் இதற்காகத்தான் போயிருக்கிறான். மெஷின் ரெண்டு ராத்திரி ஓடும், கணக்குப் போட்டாச்சு என்றான். பெர்னடின் நன்றாகத் திட்டினாள். மூளை இருக்கா, மூச்சு நின்னா யாரைக் கேக்கறது, ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் போகணுமே என்று தார் சாலை முடிந்து சரளைச் சாலை தொடங்கும்வரை திட்டினாள். அதற்குப் பிறகு மலைகள் வந்துவிட்டன. இலையெல்லாம் சிவந்திருந்தது. அவள் நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஹார்ட்விக் முகாமில் ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. கழிப்பறையை ஒட்டி.

"பிரமாதமான இடம் பிடிச்ச," என்றாள்.

"ராத்திரி உனக்கு நடை மிச்சம்," என்றான் லைல்.

அன்று இருட்டிய பிறகு, இரண்டு இடம் தள்ளி ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பஸ் நீளத்துக்கு ஒரு கேரவன், ஆல்பர்ட்டா மாகாணத்து நம்பர். சிவப்புத் தொப்பி புறப்பட்டது. கதவைத் திறந்தவன் டுவேன் கோவல்சுக், மலை மாதிரி ஆள்.

"ஆட்டம் முடியப்போகுது மேடம். கடைசி கால் மணி நேரம்."

"டி.வி. பாக்க இவ்வளவு தூரம் வந்தியா தம்பி? அக்கரையில மந்தை நிக்குதாம். அதுங்களுக்கும் காது இருக்கு. உன் சத்தத்துக்கு எப்படி வரும்?"

டுவேன் முணுமுணுத்துக்கொண்டே அணைத்தான். யார் ஜெயித்தார்கள் என்று அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

இரவில் உறைபனி விழுந்தது. தூக்கத்தில் லைல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்துப் பெர்னடின் எழுந்து வண்டியின் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தாள்.

விடியும்போது முகாமே கரையில் நின்றது. போர்வையும் காபிக் கோப்பையுமாக, ஒருவரோடு ஒருவர் பேசாமல் நின்றார்கள். ஏரிமேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அக்கரை மலைச்சரிவு நகர்வதாகப் பெர்னடினுக்குத் தோன்றியது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். சரிவு நகரவில்லை, சரிவு முழுக்க மான். எண்ணி மாளாத மான். முன்னால் வந்தவை தண்ணீர் ஓரத்தில் நின்று முகர்ந்துகொண்டிருந்தன. லைலைப் பார்க்கத் திரும்பினாள். குழாய் எட்டும் தூரத்தில், வண்டிப் படியில் உட்கார்ந்து கையை ஆட்டினான்.

அப்போதுதான் வண்டிக்குள்ளிருந்து பீப் என்ற சத்தம் வந்தது. மெஷின் நின்றுவிட்டது.

ஓடினாள். வழிக்கென்று வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் திருகிக் குழாயை மாற்றினாள். அதன் அளவு முள் ஏறக்குறைய அடியில் கிடந்தது.

"ஹீட்டர் போட்டியா?" என்று லைல் மூச்சுக்கு நடுவே கேட்டான்.

"உனக்குக் குளிருச்சு."

"அதோட ஃபேன் பேட்டரிய உறிஞ்சிருச்சு. நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

"என்ஜினப் போடறேன். போட்டா மெஷின் ஓடும்ல?"

"ஓடும். போடாத பெர்னி. இறங்கப் போகுது. அதுங்க தாண்டட்டும், அப்புறம் போடு."

முதல் மான் தண்ணீரில் கால் வைத்துவிட்டது. பெர்னடின் அதைப் பார்த்தாள். பிறகு லைலின் உதட்டைப் பார்த்தாள், நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகினாள்.

பழைய டீசல் என்ஜின். மலை அதிரக் கத்தியது. கரையில் நின்ற அத்தனை தலையும் திரும்பியது. அக்கரையில் தண்ணீருக்குள் கால் வைத்த மான் துள்ளிப் பின்வாங்க, அதன் பின்னால் வரிசை மடங்கிச் சரிவில் மேலேறியது. பெர்னடினுக்கு மானம் போயிற்று. வாழ்நாளெல்லாம் காத்திருந்ததைத் தன் கையாலேயே விரட்டிவிட்டோம் என்று நெஞ்சு எரிந்தது. ஆனாலும் சாவியை விட்டுக் கையை எடுக்கவில்லை. பின்னால் மெஷின் மறுபடி விர்ரென்றது.

டுவேன் வந்துகொண்டிருந்தான். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"சொல்லு தம்பி. என்ன வேணும்னாலும் சொல்லு."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். லைலையும் மூக்கிலிருந்த குழாயையும் பார்த்தான்.

"பேட்டரி எத்தனை வோல்ட்?" என்றான்.

"பன்னெண்டு," என்றான் லைல்.

டுவேன் போய்விட்டான். திரும்பி வந்தபோது விறகு தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் அவனுடைய இரண்டு பேட்டரிகள் இருந்தன. பின்னால் வேறொருவன் ஒயர் கொண்டுவந்தான், ஒருத்தி ஸ்பானர்.

"சிவப்பு ஒயர் சிவப்புல," என்றான் லைல் படியிலிருந்து. "ஆல்பர்ட்டால நிறம் சொல்லித் தர்றாங்களா?"

"தர்றாங்க பெரியவரே. நீங்க வாய மூடிக்கிட்டு மூச்சு விடுங்க."

ஒயர் மாட்டியதும் டுவேன் கட்டைவிரலை உயர்த்தினான். பெர்னடின் என்ஜினை அணைத்தாள்.

அமைதி மெல்லத்தான் திரும்பியது. யாரும் கரையை விட்டுப் போகவில்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. லைலின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காபியெல்லாம் ஆறிப்போயிற்று. வெயில் மலை உச்சியைத் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அக்கரை மேட்டில் ஒரு கொம்பு தெரிந்தது. அப்புறம் நூறு.

இந்தத் தடவை அவை நிற்கவில்லை. தண்ணீருக்குள் விழுந்தன, விழுந்துகொண்டே இருந்தன. புதர்க்காடு ஒன்று வேரோடு மிதந்து வருகிற மாதிரி கொம்புகள் ஏரியை நிறைத்தன. அத்தனை உயிர் ஒன்றாக மூச்சுவிடும் சத்தம் முதலில் கரைக்கு வந்து சேர்ந்தது. பிறகு அவையே வந்து கரையேறி உடம்பைச் சிலிர்த்து உதறின. ஜனங்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். டுவேன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். மந்தை முகாமுக்குள் நுழைந்து, மேஜைகளையும் கேரவன்களையும் தாண்டி, கழிப்பறைக்கும் அவர்கள் வண்டிக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக நடந்தது. குட்டி ஒன்று பெர்னடினின் முழங்காலை முகர்ந்துவிட்டுப் போனது. அவள் அழுதாள். இந்த முறை ஏன் என்று தெரிந்திருந்தது.

லைல் தலையைச் சாய்த்து எதையோ கேட்க முயன்றுகொண்டிருந்தான்.

"என்னமோ ஒரு சத்தம் வருது பெர்னி. அதுங்க காலுல இருந்து. இந்த மெஷின் கேக்க விட மாட்டேங்குது."

அவள் அவனைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் அணை," என்றான். "உக்காந்துதான இருக்கேன்."

கோடை முழுக்க அவள் எந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று விழித்துக் கிடந்தாளோ, அந்தச் சத்தம். அவள் வண்டிக்குள் கையை நீட்டி ஸ்விட்சை அமுக்கினாள்.

டிக், டிக், டிக் என்று கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் மானின் கணுக்காலுக்குள் தசைநார் எலும்பின்மேல் சொடுக்கிக்கொள்ளும் சத்தம். ஆயிரக்கணக்கான கால்கள். முகாம் முழுவதும் அந்தச் சொடுக்கு, கல்மழை தொடங்குவது போல, நிற்காமல். பேச்சில்லை, குளம்படி கூட இல்லை, அது மட்டும்தான். லைல் வாயைத் திறந்தபடி, சிரித்துக்கொண்டே, மெல்ல மூச்சை இழுத்தான். விட்டான். மறுபடி இழுத்தான். அவள் விரல் ஸ்விட்சின் மேலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றான்.

பெர்னடின் ஸ்விட்சைப் போடாமலே விரலை எடுத்துவிட்டாள்.