கயல்விழி வீட்டு ஒல்லி நாய்

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் நஞ்சை நிலம் வைத்துப் பயிர் செய்யும் கயல்விழிக்குப் பட்டினி என்ற சொல்லே ஆகாது. வாசலில் வந்து நின்ற யாரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ஊரே கேட்டது, “நாய்க்குச் சோறு போடுறதில்லையா?”

காரணம் சிட்டு. வயலில் எலி பிடிக்கட்டும் என்று தெற்கே போய் வாங்கி வந்த சிப்பிப்பாறைப் பெண் நாய். அந்த இனமே அப்படித்தான்: நீண்ட கால், ஒட்டிய வயிறு, தூரத்திலிருந்தே எண்ணிவிடக்கூடிய விலா எலும்பு. ஓடப் பிறந்த உடம்பில் தொப்பைக்கு ஏது இடம்? இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லாரையும்விட மோசம் நாத்தனார் ஞானாம்பாள். வரும்போதெல்லாம் சிட்டுவைத் தடவிக்கொண்டே, “பாவம், வாயில்லா ஜீவன்” என்பாள். கயல்விழிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தஞ்சாவூரில் நாய்க் கண்காட்சி என்று தெரிந்ததும் பேரைக் கொடுத்துவிட்டாள். கோப்பை யாருக்கு வேண்டும்? விவரம் தெரிந்த ஒருவர், இந்த நாய் இருக்க வேண்டியபடிதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதை ஞானாம்பாள் காதால் கேட்க வேண்டும். அதற்காகவே நாத்தனாரையும் வேனில் ஏற்றிக்கொண்டாள். புருஷன் இளையபெருமாள் வாயே திறக்காமல் வண்டியை ஓட்டினான். பிழைக்கத் தெரிந்தவன்.

கல்லூரி மைதானத்தின் ஒரு பக்கம் ராட்வீலரும் ஜெர்மன் ஷெப்பர்டும், கையில் தடித்த உறை மாட்டிய ஆள்மேல் பாய்ந்து கடித்துத் தொங்கின. விடு என்றதும் விட்டன. “அந்த ஆளு வீட்ல என்ன வேலைன்னு சொல்லிட்டு வந்தாரோ” என்று ஞானாம்பாள் கவலைப்பட்டாள்.

மறுபக்கம் நாட்டு நாய்களுக்குக் கயிறு கட்டி வளையம் அமைத்திருந்தார்கள். சிட்டுவின் முறை வந்தது. கயிறுவரை ஒய்யாரமாக நடந்து வந்த நாய், உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. இழுத்தும் வரவில்லை, கெஞ்சியும் வரவில்லை. “தெம்பு இல்ல போல. ஏதாச்சும் சாப்பிடக் குடுத்தீங்களா?” என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. ஞானாம்பாள் தலையை ஆட்டினாள். கயல்விழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள். வளையம் முழுக்கத் தளதளவென்று பச்சைப் புல். அடக் கடவுளே, இது அவளே வளர்த்த வளர்ப்பு. பச்சையில் இறங்காதே, வரப்பிலேயே நட என்று குட்டியிலிருந்து அதட்டிப் பழக்கியிருந்தாள். சிட்டு வயலில் இறங்குவது அறுப்பன்று மட்டும்தான். அறுப்பு மிஷின் திரும்ப இடம் வேண்டும் என்று அவள் குனிந்து மூலைக் கதிரைக் கையால் அறுக்க ஆரம்பித்தால், எலி பிடிக்க உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

கயல்விழி பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள். வளையத்துக்குள் போய்க் குனிந்து, இல்லாத அரிவாளால் இல்லாத நெல்லை அறுக்கத் தொடங்கினாள். சிட்டு ஒரே தாவலில் உள்ளே வந்துவிட்டது. அதன்பிறகு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, சிரித்த கூட்டமே கைதட்டியது.

நடுவர் சித்தீக் சிட்டுவின் விலாவைத் தடவிப் பார்த்தார். “கச்சிதமா வச்சிருக்கீங்கம்மா. இதுக்கு மேல கொஞ்சம் சதை போட்டாலும் கெட்டுப்போயிரும்.”

“சார், அதைக் கொஞ்சம் மைக்ல சொல்லுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

கோப்பை ஒரு ராஜபாளையத்து நாய்க்குப் போனது. கயல்விழி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாத்தனாரைத் தேடிப் போனாள். ஞானாம்பாள் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள்.

“எங்க தம்பி பொண்டாட்டி வளர்த்ததுங்க அது. எங்க வீட்ல வயித்தை வாடவும் விட மாட்டோம், வீங்கவும் விட மாட்டோம்.”

கயல்விழி சிட்டுவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.