நாற்பத்தோராவது கோடு

பெயின்ட் செக்‌ஷன்ல எத்தனையோ வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். அன்னிக்கு மாதிரி மாட்டிக்கிட்டதே இல்லை.

விம்கோ நகர்ல எங்க பட்டறை. விமான மாடல் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புவோம். ஜெர்மனிக்காரர் ஒருத்தர் ஆர்டர் குடுத்தார். அவங்கப்பா ரெண்டாம் உலகப் போர்ல சண்டை விமானி. அவர் பிரான்சுக்குப் பறந்த விமானம் ஒண்ணு, ரஷ்யாவுக்கு ஒண்ணு, கடைசியா சொந்த ஊரைக் காக்கப் போய் அடிபட்டு எரிஞ்சது ஒண்ணு. பாராசூட்ல குதிச்சு, வெந்த முகத்தோட பொழைச்சாராம். மூணு விமானத்துக்கும் மாடல் கேட்டார்.

“இது ஊத்திக்கிச்சுன்னா பெயின்ட் செக்‌ஷனுக்குப் பூட்டுதான்”னு முதலாளி சொல்லிட்டார்.

மெல்லிசு பிரஷ் வேலைக்கு தேவகிதான். திருவொற்றியூர் குப்பத்துப் பொண்ணு. புருஷனுக்கு இடுப்பு போய், அவ சம்பளத்துலதான் வூடு ஓடுது.

அந்த ஜெர்மனிக்காரர் நேர்ல பார்க்க வர்ற நாள். கார் கேட்டுக்கே வந்தாச்சு. நான் கடைசி மாடலை அவர் அனுப்பின போட்டோவோட ஒத்துப் பார்க்கறேன். வால்ல வரிசையா வெள்ளைக் கோடு. போட்டோவுல நாற்பது, மாடல்ல நாற்பத்தொண்ணு. யா அல்லா!

“இன்னா தேவகி, ஒண்ணு ஜாஸ்தி கீது?”

“நான்தான் சேத்தேன் பாய். மொய் வெச்சா நூறாவா வெப்போம்? நூத்தியொண்ணுதானே? மொட்டையா நிறுத்தக் கூடாது, வளரணும்னு...”

“அடிப்பாவி! ஒரு கோடுன்னா அவரு சுட்டுத் தள்ளின ஒரு விமானம்!”

“உள்ள ஆளு இருந்திருப்பானா?”

“பின்ன, தானாவா பறக்கும்?”

அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. கோட்டுக்கு என்ன அர்த்தம்னு யாரும் அவகிட்ட சொல்லவே இல்லை. துடைக்கலாம்னு பார்த்தா, முதலாளி விருந்தாளியோட உள்ளே வந்துட்டார்.

எழுபது தாண்டின மனுஷன். நேரா வால் பக்கம் குனிஞ்சு, நகத்தால ஒவ்வொண்ணா எண்ணினார். கடைசிக் கோட்டுல விரல் நின்னுது. முதலாளிகிட்ட ஏதோ கேட்டார்.

“யாருய்யா பண்ணது?”னு முதலாளி கத்தினார்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தேவகி முன்னால போய் நின்னா. “நான்தான் சார். எங்க பக்கம் ஒண்ணு சேத்துதான் வெப்போம். வளரட்டும்னு.”

முதலாளி பல்லைக் கடிச்சுக்கிட்டு அதை இங்கிலீஷ்ல சொன்னார். பெரியவர் சிரிக்கலை, கோபப்படவும் இல்லை. மெல்லப் பேசினார்.

“இது வளரவே கூடாதாம்மா,” முதலாளி குரல் இறங்கியிருந்துச்சு. “அந்த நாற்பதை நினைச்சு அவங்கப்பா சாகற வரைக்கும் சரியா தூங்கலையாம். ஒண்ணை அழிச்சுக் குடு, எடுத்துக்கறேங்கறார்.”

அப்பாடா! எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு.

வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது இதான். ஒரு குறிக்கு என்ன அர்த்தம்னு கேட்டுட்டு அப்புறம் பிரஷைத் தொடு. தேவகிக்கு அதை நான் சொல்ல வேண்டியிருக்கலை. தின்னர் துணியால அந்த ஒரு கோட்டை மட்டும் துடைச்சா.

“போவட்டும் பாய்,”னா. “ஒருத்தனாவது வூடு போய்ச் சேந்தான்.”