அண்ணன் ஏற்றுக்கொண்ட பிழை

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய பொறுமையையும் நேர்மையையும் அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றை எழுதும் கடமை தம்பியாகிய எனக்கு இருக்கிறது.

ஒரகடத்துக்கு அருகே ஓர் உழவர் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பதினான்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மெட்ராசில் ஒரு பட்டறையில் சேர்ந்து, என்னை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தார். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் சொந்தமாக எஞ்சின் பட்டறை போட்டார். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் பொருத்துவதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. நானும் அவரோடு வேலை செய்தேன்.

1991ஆம் ஆண்டு, ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் தம் தகப்பனாரின் காரைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் காலத்து வண்டி. நான்கு சிலிண்டர்களும் தேய்ந்து புகை கக்கியது. அதற்குரிய பிஸ்டன் எங்குமே கிடைக்கவில்லை. அண்ணன் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் பலமுறை அலைந்து, வேறொரு வண்டியின் பிஸ்டன்களை வாங்கி வந்து, அவற்றுக்கேற்பச் சிலிண்டர்களைக் கடைந்தார். மூன்றை அவரே முடித்துவிட்டு, நான்காவதை என்னிடம் ஒப்படைத்து, எஞ்சின் மூடிக்கடியில் வைக்கும் கேஸ்கெட் வாங்க மெட்ராஸ் போனார்.

சூடேறினால் பிஸ்டன் விரியும். அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே மயிரிழை இடம் வேண்டும். மெல்லிய அளவுத் தகடு ஒன்றை இடையில் விட்டு இழுத்துப் பார்ப்போம். நான்காவதில் அந்தத் தகடு நுழையவே இல்லை. இன்னும் ஒரு மணி நேரமாவது சுவரைத் தேய்த்திருக்க வேண்டும். மறுநாள் எனக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. சான்றிதழ்களில் கையெழுத்து வாங்க ஓட வேண்டியிருந்தது. பிஸ்டனை அப்படியே இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்ததும் அண்ணன் கேட்டார்: "நாலாவதுக்குத் தகடு உட்டுப் பாத்தியாடா?"

"பாத்துட்டேண்ணா. சரியா இருக்கு."

நம்பினார்.

அடுத்த வாரம் டாக்டர் வண்டியை ஓட்ட, அண்ணன் பக்கத்தில் அமர்ந்து வெள்ளோட்டம் போனார்கள். வடக்குப்பட்டு அருகே நான்காவது பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரை இறுகப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரங்கள் சட்டென நின்று, வண்டி பள்ளத்தில் சரிந்தது. டாக்டருக்குச் சிராய்ப்புதான். அண்ணனின் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அண்ணன் மறுபடியும் கேட்டார்: "தகடு உட்டுதான பாத்த?"

"ஆமாண்ணா" என்றேன். கம்பெனியில் சேரச் சொல்லி வந்த கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

சற்று நேரத்தில் வண்டிக்குச் சொந்தக்காரரான டாக்டர் வந்தார். "பிஸ்டன் போட்டது யாருப்பா?" என்றார்.

"நான்தான் சார். அளவு தப்பிப்போச்சி" என்றார் அண்ணன். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

செய்தி பரவியது. வேலை வருவது நின்றது. கையும் பழையபடி மடங்கவில்லை. பட்டறையை மூடிய அண்ணன், பின்னாளில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலராக இருந்தார். நான் சூப்பர்வைசர் ஆனேன். கல்யாண வீடுகளில் யாராவது, "டாக்டர் வண்டிய கவுத்தவராச்சே" என்று கேலி செய்வார்கள். அண்ணன் தலை நிமிராமல் சாப்பிடுவார். நானும் சாப்பிடுவேன்.

சிறுநீரகம் கெட்டு அவர் படுத்தபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

"வண்டி கவுந்தப்பறம் அந்த எஞ்சினப் பிரிச்சப்ப நான் பக்கத்துலதான நின்னேன். எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "என் காதுல சொல்லி இன்னா ஆவப்போவுது? வெளிய சொல்லு" என்றார்.

அதன்பின் நாற்பது நாள் உயிரோடு இருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "அவரு உசுரோட இருக்கச்சொல்லவே நீ இத சொல்லியிருந்தா, பந்தியில தல நிமிந்து துன்னுட்டுப் போயிருப்பாரு" என்றார். பிறகு, "அச்சடி. என்னாண்ட மன்னிப்பு மட்டும் கேக்காத" என்றார். கேட்கவில்லை.

கடைசி மாதங்களில் அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற காவலர் தோழர்களுக்கும், முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், சமைத்து அனுப்பிய தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. டாக்டர் ஐயா இன்று இல்லை. அவர் பிள்ளைகளுக்கும் இம்மலரை அனுப்பியிருக்கிறேன். விபத்துக்குப் பின் எஞ்சினைப் பிரித்தபோது, அண்ணன் கடைந்து முடித்த மூன்று சிலிண்டர்களிலும் ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை.