ரேடியோ அக்காவுக்குத் தொண்டை கட்டியது

முக்காலியில் உட்கார்ந்ததும் அக்காவின் முதல் வேலை, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவது. விரல்களில் சூடு ஏறும்வரை மடியைத் தொட மாட்டார். "ஐஸ் கையால யாராவது என்னைத் தொட்டா உதைச்சிருப்பேன்டி. நீயா இருக்கப்போய் பொறுத்துக்கற" என்று செவலைக்கு ஒரு பாராட்டு. பிறகு நெற்றியைப் பசுவின் விலாவில் சாய்த்துக்கொள்வார். வெளியே முற்றத்துப் பனி கணுக்கால் உயரத்துக்கு இறுகிக் கிடக்கும். அந்தச் சின்னப் பண்ணையில் குளிர்காலத்தில் சூடான இடம் என்று ஒன்று உண்டென்றால் அது செவலையின் விலாதான்.

ரேடியோ அக்கா என்று பெயர் வைத்தவர்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். விடிவதற்குச் சற்று முன்னால் ஒலிபரப்பு தொடங்கும். முதலில் வானிலை: "வாளித் தண்ணி ஆடை கட்டிப்போச்சு, தட்டித்தான் உடைச்சேன்." அடுத்து செய்திகள்: எந்தக் கோழி முட்டையிட மறுக்கிறது, எலி எந்த மூட்டையைப் பதம் பார்த்தது. கடைசியில் வருவதுதான் முக்கியமான நிகழ்ச்சி. அது வீட்டுக்காரருக்கான அறிவிப்புகள்.

வீட்டுக்காரர் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பார். அங்கே ஓர் இரும்பு அடுப்பு. மாட்டுக்கு வெந்நீர் போடுவது, விறகு பிளப்பது, கோடாலி தீட்டுவது எல்லாம் அவர் இலாகா. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. இருந்தும் அக்கா அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். "கதவுக் கீல் கத்துதுடி செவலை. யாராவது ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா கை தேஞ்சா போயிடும்?" பதில் வராது. மத்தியானத்துக்குள் கீல் வாயை மூடியிருக்கும்.

இந்தச் சாடைப் பேச்சைக் கட்டிக்கொடுத்த மகள் தொலைபேசியில் கேட்டே விட்டாள். "ஏம்மா, அப்பாகிட்ட நேரா சொன்னா என்ன?"

"உங்கப்பாகிட்ட சொல்றதும் செவுத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு. செவலைக்காவது தலையாட்டத் தெரியும்."

அது முழு உண்மையல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் செவலை தலைச்சன் கன்று ஈன்று நோயில் படுத்தபோது, அந்தப் பெண்கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது அக்கா. மகளைப் பார்க்க நான்கு நாள் போனவர், திரும்பும்போது கன்றுக்கு ஒரு கழுத்துமணி வாங்கி வந்தார். வந்து பார்த்தால் கன்று இல்லை. வீட்டுக்காரரின் தங்கை வந்திருக்கிறாள், ஆசையாய்க் கேட்டிருக்கிறாள், இவர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அக்கா சத்தம் போடவில்லை. மணியைத் தடுப்புப் பலகையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, செவலையின் காதருகே குனிந்து, "நம்மகிட்டல்லாம் எதுக்குடி கேக்கணும்?" என்றார். அன்று தொடங்கியது சாடை. சாப்பாட்டு மேசையில் உப்பு, சூடு பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். பண்ணை விவகாரமென்றால் மாடுதான் தபால்காரர்.

இந்தக் குளிரில்தான் வினை வந்தது. பாதைப் பனியை அள்ளிக் கொட்டிவிட்டு, வேர்த்த உடம்போடு குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று குடித்தார் அக்கா. மறுநாள் காலை வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது.

கைகளைச் சூடாக்கினார், நெற்றியைச் சாய்த்தார், காம்பைப் பிடித்தார். செவலை திரும்பிப் பார்த்தது. இவள்தானா, வேறு ஆளா? பாலை அடக்கிக்கொண்டது. எவ்வளவு நீவியும் வாளியின் அடி நனைந்ததோடு சரி. மாலையிலும் அதே கதை. பால்குடிக் கன்று இருந்தால் முட்டவிட்டுப் பார்க்கலாம். இந்த வருடத்துக் கன்று பால்குடி மறந்து மாதமாகிறது. இரண்டாம் நாள் காலை மடி கல்லாக இருந்தது. பின்காம்பு ஒன்றின் பக்கம் கை வைத்தால் சுட்டது.

வீட்டுக்காரர் மாட்டு டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நாளுக்கு ஐந்தாறு சொற்களில் குடும்பம் நடத்துகிறவர் அல்லவா? "பால் இல்லை. குரல் இல்லை" என்றார்.

"மாட்டுக்கா குரல் இல்லை?"

"வீட்டம்மாவுக்கு."

விஷயத்தைப் பிடுங்கித் தெரிந்துகொண்ட டாக்டர் சொன்னார்: "ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும். அது பேச்சுக்குப் பழகின மாடு. யாராவது பேசுங்க. மருந்து எடுத்துக்கிட்டு சாயங்காலம் வரேன், ஆனா அதுக்குள்ள மடி காலியாகணும். இல்லேன்னா அந்தக் காம்பு போயிடும். காய்ச்சல் கண்டா மாட்டுக்கே ஆபத்து."

வீட்டுக்காரர் நிஜ ரேடியோவைக் கொண்டுவந்து செவலையின் முன் வைத்தார். யாரோ ஒருவர் கணீரென்று செய்தி வாசித்தார். செவலை வாளியை உதைத்தது. ரேடியோ வீட்டுக்குள் போயிற்று.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து, கலங்கிய கண்களோடு பலகையைப் பார்த்தார். ஒன்பது வருடங்களில் முதல் முறையாக அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு வாளியின் விளிம்பை விரலால் இரண்டு முறை தட்டினார். பேசுங்கள் என்று அர்த்தம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் தொண்டைக் கனைப்பு. "குளிர்" என்று ஒரு சொல் வந்தது. "நேத்தும் குளிர்தான்." செவலையின் காது அசைந்தது. "தண்ணி கொதிக்குது. கோடாலிப் பிடி ஆடுது, ஆப்பு வெக்கணும்." கல்லில் நார் உரிப்பது போலத்தான் இருந்தது. அக்கா மடியை நீவிக்கொண்டே இருந்தார். பால் இறங்கவில்லை.

பிறகு குரல் தணிந்து வந்தது.

"செவலை, உம்பொண்ணை வண்டியில ஏத்தறப்பவே தப்புன்னு தெரியும். தங்கச்சி கேட்டா. இல்லேன்னு சொல்ல வாய் வரலை. எனக்கு எதுக்குத்தான் வாய் வந்திருக்கு? உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அவ மணியோட வந்து நின்னா பாரு, அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்னு. அவ உங்கிட்டயே பேச ஆரம்பிச்சுட்டா, நான் எங்க போய்ச் சொல்றது? அந்த மணியை மாசாமாசம் துடைச்சு வெக்கறேன். அது மட்டும்தான் செஞ்சேன்."

அக்கா நிமிர்ந்து ஆணியைப் பார்த்தார். தொழுவத்து ஈரத்தில் வாளிப்பிடி முதல் தாழ்ப்பாள் வரை எல்லாம் கறுத்திருக்க, மணி மட்டும் எப்படிப் பளபளப்பாகவே இருக்கிறதென்று அவர் யோசித்ததே இல்லை. அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை, தொண்டைதான் கட்டியிருக்கிறதே. கைகள் தாமாகத் தளர்ந்தன. வாளியில் சர்ரென்று முதல் பீச்சல் விழுந்தது. செவலை குரலுக்கு இரங்கியதோ, கை தளர்ந்ததற்கு இரங்கியதோ, மாட்டைத்தான் கேட்க வேண்டும்.

"இறங்குதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி. அக்கா வாளியை இரண்டு முறை தட்டினார். நிறுத்தாதீர்கள்!

மாலையில் டாக்டர் வந்தபோது மடி மெத்தென்று இருந்தது. மருந்து பூசிவிட்டு, "பேச்சை மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிப்போனார். அதிலிருந்து தினமும் இரண்டு வேளை ஒலிபரப்பு, அறிவிப்பாளர் மட்டும் மாறியிருந்தார். மனிதருக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது! வேலியில் வந்து உட்காரும் ஆந்தையைப் பற்றிப் பேசினார். அக்கா பின்னிய கையுறையில் இடது கட்டைவிரல் எப்போதும் இறுக்கமாக இருப்பதையும், அதைச் சொன்னால் அவள் பிரித்துவிடுவாளே என்று சொல்லாமல் போட்டுக்கொள்வதையும் சொன்னார். ஐந்தாம் நாள் மாலை, "உங்கம்மாவை முதல்ல பார்த்த அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் வாளி நிறைந்துவிட்டது. வேலை முடிந்ததால் பேச்சும் முடிந்தது. அன்றிரவு அக்கா நெடுநேரம் புரண்டு படுத்தார்.

ஆறாம் நாள் காலை, முற்றத்தில் பூனை பால்கேனுக்குள் தலையை விட்டிருந்தது. "ஏய்! போ அந்தப் பக்கம்!" கணீரென்று கிளம்பிய குரலில் பூனை மட்டுமல்ல, அக்காவும் திடுக்கிட்டார். தொழுவத்தின் பக்கம் பார்த்தார். உள்ளே கோடாலியைச் சாணைபிடிக்கும் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் காதில் விழவில்லை.

அக்கா தொண்டையில் சுற்றியிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து, இன்னும் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிச் சுற்றிக்கொண்டார். உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்து, கைகளை அக்குளில் செருகிச் சூடாக்கி, நெற்றியைச் செவலையின் விலாவில் சாய்த்து, வாளியின் விளிம்பை இரண்டு முறை தட்டினார்.