தக்காளி ஜாம் போட்ட நாள்

பிள்ளையார்பாளையத்தில் ஜாம் போடுவதில் பைத்தியமாக இருந்த பெண்கள் நாங்கள் நால்வர். ஊருக்கு வந்த ஒரு சமையல் வகுப்பில் கற்றுக்கொண்டது. மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி, பழம் காய்ச்சிப் பாட்டில்களில் அடைத்துப் பங்கிட்டுக்கொள்வோம்.

என் வீட்டு முறை வருவதற்குள் என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுவாரம் மூவரும் தக்காளிக் கூடையோடு வந்து நின்றார்கள்.

"தப்பா நெனைக்காதம்மா. உன்னை உட்டுட்டு ஜாம் போட மனசு வரல," என்றாள் மூவரில் ஒருத்தியான எதிர்வீட்டுக்காரி.

நான் அடுப்பை மூட்டினேன். அவர்கள் நறுக்கினார்கள், நான் கிளறினேன். ஒருத்தி எதற்கோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அவள் சிரித்ததும் நிறுத்தியதும் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன.

பாட்டிலில் ஜாமின் மேல் மெழுகை உருக்கி ஊற்றினால்தான் கெடாது. ஊற்றும்போது கொதிக்கும் மெழுகு என் புறங்கையில் கொட்டியது. நான் அடுத்த பாட்டிலை எடுத்தேன்.

"ஐயோ, கையைப் பாரும்மா! வெந்துபோயிக்கினு இருக்குது!" எதிர்வீட்டுக்காரி என் கையை இழுத்துத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள். "எரியலையா?"

"தெரியல."

அழுதது அவள்தான். மற்ற இருவரும் மீதிப் பாட்டில்களை மூடினார்கள். அன்று அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை, என்னோடு தங்கிவிட்டாள்.

காலையில் தோசை வார்த்து, ஜாம் தடவிக் கொடுத்தாள். இனிப்பே தெரியவில்லை, ஆனாலும் சாப்பிட்டு முடித்தேன். கையில் கொப்புளம் வலிக்கத் தொடங்கியிருந்தது. அவளிடம் அதைச் சொன்னேன்.